சமயப்பணியும் தமிழ்ப்புலமையும்: ஜி.யு. போப்பின் ஆக்ஸ்போர்டு வாழ்வும் செட்டிநாட்டுத் தமிழ் நிலமும்

ஆய்வுச்சுருக்கம்

ஜார்ஜ் உக்ளோ போப் (1820–1908) ஆங்கிலத் திருச்சபைக் குருவாகவும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் தமிழ், தெலுங்கு ஆசிரியராகவும் விளங்கியவர். திருக்குறள், நாலடியார், திருவாசகம் ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பாளராகத் தமிழுலகம் அவரை நன்கறியும். அவரது வாழ்வு பெரும்பாலும் தமிழ்ப்பற்றின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. அம்மூன்று நூல்களும் அவர் இந்தியாவை விட்டு நீங்கிய பின்னரே வெளிவந்தன என்னும் உண்மையும், அவற்றுக்கு இடமளித்த பல்கலைக்கழகப் பணியின் இயல்பும் போதிய கவனம் பெறவில்லை. போப்பின் பணிவாழ்வைக் கால வரிசையில் பகுத்து நோக்கி, குருப்பணிக்கும் புலமைக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் மொழிபெயர்த்த பாடல்களின் நிலப்பின்புலமாக அமைந்த செட்டிநாட்டிலும் அதன் அண்டைப் பகுதியிலும் அதே பனுவல்கள் எவ்வாறு பேணப்பட்டன என்பதையும் ஒப்பிட்டுக் காண்கிறது.

திறவுச்சொற்கள்: ஜி.யு. போப், ஆக்ஸ்போர்டு, சாயர்புரம், திருவாசகம், திருப்பெருந்துறை, மகிபாலன்பட்டி, பண்டிதமணி கதிரேசச் செட்டியார்.

முன்னுரை

1968ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் போப்பின் சிலையும் ஒன்று. வள்ளுவர், ஔவையார், கம்பர் ஆகியோர் நிற்கும் வரிசையில் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என்னும் கிறித்தவக் குருமார் மூவர் இடம்பெற்றனர். அயலவர் ஒருவருக்கு ஒரு மொழிச் சமூகம் அளிக்கக்கூடிய மதிப்புகளுள் இது மிக உயர்ந்தது.

இம்மதிப்பு ஒரு விளைவையும் உடன் கொணர்ந்தது. சிலையான மாந்தரின் வாழ்வு ஒரே நேர்கோட்டில் சொல்லப்படுவது வழக்கம். தமிழ் கற்க வந்தார், தமிழில் உருகினார், தமிழ் மாணவனாகவே மறைந்தார் என்பதே பாடநூல்களும் மேடைகளும் போப்பைப் பற்றித் தரும் சித்திரம். இச்சித்திரத்தில் சாயர்புரத்துக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் இடையே கழிந்த நீண்ட காலத்துக்கு இடமில்லை. தஞ்சைத் திருச்சபைப் பூசல்கள் அதில் இல்லை. மலை நகரங்களில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஆண்டுகளும் அதில் இல்லை. இவை நீங்கிய வாழ்க்கை வரலாறு, அவரது புலமை எவ்வாறு உருவாயிற்று என்னும் வினாவுக்கு விடை தர இயலாது. அவ்வினாவே இக்கட்டுரையின் மையம்.

இளமையும் தொடக்கக் கல்வியும்

போப் 1820 ஏப்ரல் 24 அன்று வட அமெரிக்காவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார். பெற்றோர் ஜான் போப், கேத்தரின் உக்ளோ. தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த வணிகக் குடும்பம் அது. 1826இல் அக்குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிப் பிளிமத் துறைமுக நகரில் குடியேறியது. குடும்பத்தின் சமயம் வெஸ்லியன் மெதடிசம். போப்பின் இளவல் வில்லியம் பர்ட் போப் பின்னாளில் மெதடிசச் சபையின் முதன்மையான இறையியலாளருள் ஒருவராகப் பெயர் பெற்றார். தம்பி தாய்ச்சபையிலேயே நிலைத்தார். அண்ணன் இந்தியா வந்தபின் ஆங்கிலத் திருச்சபையில் இணைந்து அதன் குருவானார்.

1839இல், பத்தொன்பதாம் வயதில், அவர் சென்னை வந்து சேர்ந்தார். கப்பற்பயணத்தின்போதே தமிழ் கற்கத் தொடங்கிவிட்டார் என அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. சென்னையில் மகாவித்துவான் இராமாநுசக் கவிராயரிடம் அவர் இலக்கியம் பயின்றார். திருக்குறளுக்கும் நன்னூலுக்கும் உரைப்பணி செய்த கவிராயர், குறளின் ஒரு பகுதியை ஆங்கிலப்படுத்திய துரு பாதிரியாருக்கும் துணைநின்றவர். போப்பின் தமிழ்க்கல்வி அச்சிட்ட இலக்கண நூலில் தொடங்கி மரபுவழிப் புலவரின் பாடஞ்சொல்லும் முறையில் வேரூன்றியது என்பது இங்குக் கருதத்தக்கது. பிற்காலப் பதிப்புகளில் அவர் தந்த சொல்லடைவுகளும் இலக்கணக் குறிப்புகளும் இவ்விரு பயிற்சிகளும் ஒருங்கே விளைவித்தவை.

சாயர்புரமும் தஞ்சையும்

தூத்துக்குடியை அடுத்த சாயர்புரம் போப்பின் முதற் பெரிய பணிக்களம். 1842 முதல் அங்கே குருப்பணியோடு கல்விப்பணியும் ஆற்றினார். திருச்சபைக்கு வேண்டிய உள்ளூர்ப் பணியாளரை உருவாக்கும் குருமடம் ஒன்றை நிறுவினார். இன்று அவ்வூரில் உள்ள போப் கல்லூரி அந்நினைவைப் பெயரளவில் தாங்கி நிற்கிறது. தமிழ் இலக்கணத்தை வினாவிடை முறையில் கற்பிக்கும் அவரது தொடக்க நூல் இக்காலத்தைச் சேர்ந்தது. முதல் மனைவி 1845இல் தூத்துக்குடியில் மறைந்தார். 1849இல் மறுமணம் செய்துகொண்ட போப் அவ்வாண்டே இங்கிலாந்து சென்றார்.

1849–1851ஆம் ஆண்டுகளின் இங்கிலாந்து வாழ்வு அவரது சமய நோக்கை உறுதிப்படுத்தியது. ஆங்கிலத் திருச்சபையில் அப்போது எழுச்சி பெற்றிருந்த ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் முன்னோடிகளான பியூசி, கீபிள் போன்றோருடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. திருச்சபையின் அதிகாரத்தையும் சடங்கொழுங்கையும் தொன்மைத் தொடர்ச்சியையும் வற்புறுத்திய இயக்கம் அது. அதன் பிடிப்போடு திரும்பிய போப், 1851 முதல் தஞ்சையில் பணியாற்றினார்.

தஞ்சை எளிய களமன்று. லுத்தரன் மரபைச் சேர்ந்த குருமார் பதினெட்டாம் நூற்றாண்டில் வளர்த்த சபை அது. சாதி வழக்கங்கள் அதனுள் ஓரளவு ஏற்கப்பட்டிருந்தன. வழிபாட்டிலும் விருந்திலும் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என ஆங்கிலத் திருச்சபைக் குருமார் வலியுறுத்தியபோது, மேற்சாதிக் கிறித்தவருட் பலர் விலகி லைப்சிக் லுத்தரன் மிஷனை நாடினர். தஞ்சைச் சபையின் பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சாதி வழக்கங்களை ஆதரித்து எழுதியவருள் முதன்மையானவர். போப் இப்பூசலில் ஒதுங்கி நிற்கவில்லை. லுத்தரன் மிஷனின் செயலைக் கண்டித்து 1853இல் தரங்கம்பாடிக் குருமாருக்குத் திறந்த மடல் ஒன்றை வெளியிட்டார்.

இந்நிகழ்வை மதிப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். சாதிக்கு எதிரான நிலைப்பாடு அறநோக்கில் வலுவுடையது. அதைச் சபை ஒழுங்கின் கட்டளையாக மேலிருந்து செயற்படுத்த முனைந்த முறை, மக்களின் உள்ளத்தை மாற்றுவதைவிடச் சபையைப் பிளப்பதிலேயே முடிந்தது. அடியவர் குழுவின் உள்வாழ்வைக் கட்டளையால் திருத்த முயன்ற இக்குருவே, நாற்பதாண்டுகளுக்குப் பின் வேறொரு சமயத்தின் அடியவர் பாடலை அதன் சொந்த மொழியிலேயே கேட்கப் பழகினார். அம்மாற்றத்தை உணராமல் அவரது புலமையை முழுமையாக உணர இயலாது.

தமிழ் கற்போருக்கான கையேடும் செய்யுள் திரட்டும் தஞ்சைக் காலத்திலும் அதனையொட்டியும் உருவாயின. கையேடு பல பதிப்புகள் கண்டு, அவரது இறுதிக்காலம் வரை திருத்தப்பெற்றது. இந்நூல்களின் நோக்கம் பயன்பாட்டு நோக்கமே. குருமாரும் அலுவலரும் தமிழில் பேசவும் எழுதவும் வேண்டும் என்பதே அவை மேற்கொண்ட பணி.

உதகையும் பெங்களூரும்

1859 முதல் உதகமண்டலத்தில் பள்ளி ஒன்றை நிறுவி அதன் தலைமையாசிரியராகப் பணியாற்றிய போப், 1871 முதல் பெங்களூர்ப் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவரானார். இரண்டும் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கான நிறுவனங்கள். 1864இல் கான்டர்பரிப் பேராயர் அவருக்கு இறையியல் முனைவர் பட்டம் வழங்கினார். தமிழ் வழங்கும் சிற்றூர்களிலிருந்து அவர் இவ்வாறு இருபதாண்டுக்கு மேல் விலகி வாழ்ந்தார்.

எனினும் இக்காலத்தைப் புலமையின் வெற்றிடமாகக் கொள்ளுதல் பொருந்தாது. நீலகிரியின் தோடர் மொழி குறித்து அவர் எழுதிய சுருக்க இலக்கணம், தோடர் பற்றி மார்ஷல் எழுதி 1873இல் வெளிவந்த நூலில் இணைக்கப்பெற்றது. எழுத்து வழக்கற்ற ஒரு திராவிட மொழிக்கு ஐரோப்பியர் எழுதிய தொடக்க இலக்கண முயற்சிகளுள் அஃது ஒன்று. மாணவர்க்கான இந்திய வரலாற்றுப் பாடநூலும் அவரால் எழுதப்பெற்றது. அபே துபுவா எழுதிய இந்திய மக்களின் வழக்க ஒழுக்கங்கள் பற்றிய நூலை 1862இல் சென்னையில் பதிப்பித்தார். பாடத்திட்டம், தேர்வு, பாடநூல், அடைவு என ஆசிரியப் பணி கற்பித்த ஒழுங்கு, பின்னர் அவர் வெளியிட்ட பதிப்புகளின் அமைப்பில் தெளிவாகத் தெரிகிறது.

ஆக்ஸ்போர்டில் தமிழாசிரியப் பணியின் இயல்பு

1882இல் போப் இந்தியாவை நீங்கினார். அப்போது அவருக்கு வயது 62. 1884இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். 1886இல் அப்பல்கலைக்கழகம் மதிப்புறு முதுகலைப் பட்டம் அளித்தது. 1888 முதல் இறுதிவரை பேலியல் கல்லூரியின் ஆலயக் குருவாகவும் விளங்கினார்.

இப்பணியைத் ‘தமிழ்ப் பேராசிரியர்’ பதவி எனத் தமிழ் நூல்கள் பல குறிக்கின்றன. அவ்வாறு குறித்தல் பதவியின் இயல்பை மறைக்கிறது. இந்தியக் குடிமைப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சியில் இருந்த இளைஞர், தாம் அனுப்பப்படவிருந்த மாகாணத்தின் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்துக்குச் செல்வோர்க்குத் தமிழும் தெலுங்கும் தேவைப்பட்டன. அத்தேவையை நிறைவு செய்யவே இப்பணியிடம் இருந்தது. பேலியல் கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட், குடிமைப்பணி மாணவரைத் தம் கல்லூரிக்கு ஈர்ப்பதில் பெரிதும் ஈடுபட்டவர். போப்பின் வகுப்பறையை நிரப்பியது இலக்கிய வேட்கையன்று. ஆட்சி எந்திரத்தின் தேவையே. 1892 முதல் தேர்வு வயது உயர்த்தப்பட்டுப் பயிற்சிக்காலம் இரண்டாண்டிலிருந்து ஓராண்டாகச் சுருங்கியபோது, மொழிக்கல்விக்குக் கிடைத்த காலமும் குறைந்தது.

ஆகவே, பேரரசின் நிருவாகத் தேவைக்காக உருவான சிறிய பணியிடம், அத்தேவைக்குத் தொடர்பற்ற பெரும்பணிக்கு இடமளித்தது. மாவட்ட ஆட்சியராகச் செல்லும் இளைஞருக்கு மாணிக்கவாசகர் தேவையில்லை. வரிக்கணக்கும் வழக்கு விசாரணையும் நடத்தும் அளவுக்குத் தமிழ் போதும். அதற்குக் கையேடு இருந்தது. எஞ்சிய காலத்தைப் போப் இலக்கியத்துக்கு அளித்தார். நூலகமும் அச்சகமும் கல்லூரி வாழ்வின் அமைதியும் அதற்குத் துணையாயின.

அதே ஆக்ஸ்போர்டில் மாக்ஸ் முல்லரைப் பொதுப்பதிப்பாசிரியராகக் கொண்டு 1879இல் தொடங்கிய ‘கீழைத் திருநூல்கள்’ வரிசை 1910இல் 50 தொகுதிகளாக நிறைவெய்தியது. வடமொழி, பாலி, பிராகிருதம், அவெஸ்தம், பகலவி, சீனம், அரபு ஆகிய மொழிகளின் நூல்கள் அதில் இடம்பெற்றன. தமிழ் நூல் ஒன்றும் இடம்பெறவில்லை. இந்தியச் சமயம் என்றால் வடமொழிச் சமயம் என்னும் கருத்தே அக்காலக் கீழைத்தேயவியலில் ஓங்கியிருந்தது. அவ்வரிசையை வெளியிட்ட அதே கிளாரெண்டன் அச்சகத்திலிருந்து 1893இல் நாலடியாரும் 1900இல் திருவாசகமும் தமிழ் மூலத்தோடு வெளிவந்தமை, அக்கருத்துக்கு நேர் எதிரான சான்றாக நின்றது.

மூன்று பதிப்புகள்

1886இல் லண்டனில் வெளிவந்த திருக்குறள் பதிப்பு, முன்னோர் உழைப்பைத் தொகுத்து நிறைவு செய்தது. வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்திருந்தார். எல்லிஸ் சில அதிகாரங்களுக்கு விளக்கத்தோடு மொழிபெயர்ப்பு எழுதினார். துரு பாதிரியாரின் மொழிபெயர்ப்பு 63 அதிகாரங்களோடு நின்றது. போப் 133 அதிகாரங்களையும் ஆங்கிலச் செய்யுளில் தந்ததோடு, வீரமாமுனிவர், எல்லிஸ் ஆகியோரின் பெயர்ப்புகளையும் தம் நூலில் மறுபதிப்புச் செய்தார். காமத்துப்பாலைப் பற்றி நிலவிய முற்கருத்தால் பல ஆண்டுகள் அதைப் படிக்காமல் ஒதுக்கியிருந்ததாகவும், படித்தபின் அக்கருத்து பிழையெனத் தெளிந்ததாகவும் அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். குரு ஒருவர் தம் தயக்கத்தை வெளிப்படையாகப் பதிவு செய்து அதைக் கைவிட்டமை, அவரது புலமை நேர்மைக்குச் சான்று.

1893இல் வெளிவந்த நாலடியார், 400 வெண்பாக்களுக்கும் மொழிபெயர்ப்பும் குறிப்பும் சொல்லகராதியும் அடைவும் கொண்டது. சமண மரபைச் சார்ந்த இந்நூலைக் குறளோடு இணைத்துத் தமிழரின் அறவியற் சிந்தனைக்குச் சான்றாகக் காட்டினார்.

1900இல் வெளிவந்த திருவாசகம் அவரது வாழ்வின் முடிமணி. முன்னுரை 1900 ஏப்ரல் 24 என, அவரது எண்பதாம் பிறந்தநாளன்று நாளிடப்பெற்றுள்ளது. ஜோவெட்டுடன் ஓரிரவு நடந்த உரையாடலை அதில் அவர் நினைவுகூர்கிறார். இத்துணைப் பெரிய பணியை முடிக்க ஆயுள் போதுமா என அவர் ஐயுற, பெரும்பணி ஒன்று கையில் இருத்தலே நீண்டு வாழும் வழி என ஜோவெட் தேற்றினாராம். ஜோவெட் 1893இல் மறைந்தார். நூல் நிறைவெய்தியதை அவர் காணவில்லை. 51 பகுதிகளின் மூலம், மொழிபெயர்ப்பு, மாணிக்கவாசகர் வரலாறு, சைவ சித்தாந்த விளக்கம், உமாபதி சிவத்தின் திருவருட்பயன் மொழிபெயர்ப்பு, சொல்லடைவு ஆகிய அனைத்தையும் ஒரே நூல் தாங்குகிறது.

இப்பணி தனிமையில் நிகழ்ந்ததன்று. உ.வே. சாமிநாதையரின் பதிப்புகள் அவ்வாண்டுகளிலேயே வெளிவந்துகொண்டிருந்தன: சீவகசிந்தாமணி 1887, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, புறப்பொருள் வெண்பாமாலை 1895, மணிமேகலை 1898. இருவரும் மடல் வழியே தொடர்பு கொண்டிருந்தனர். ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை சிவஞானபோதத்தை 1895இல் ஆங்கிலத்தில் தந்தார். 1897இல் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’ இதழில் போப்பின் எழுத்துகள் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் அச்சேறிய பதிப்புகளும் சைவ அறிஞரின் உரையாடலும் இன்றி ஆக்ஸ்போர்டுப் போப் இல்லை. மேலையறிஞர் ஒருவர் தமிழைக் ‘கண்டுபிடித்தார்’ என்னும் கூற்று, தமிழறிஞரின் இப்பங்கை மறைத்துவிடுகிறது.

1906இல் அரச ஆசியக் கழகம் தன் தங்கப்பதக்கத்தைப் போப்புக்கு வழங்கியது. அதற்கு முன் 1897இல் கவெல், 1900இல் வெஸ்ட், 1903இல் வில்லியம் மூர் ஆகியோர் அதைப் பெற்றிருந்தனர். முறையே வடமொழி, பகலவி, அரபுத் துறைகளில் பெயர் பெற்றோர் அவர்கள். அவ்வரிசையில் நான்காவதாகத் தமிழ்ப் புலமை மதிக்கப்பட்டது.

குருவின் பார்வையும் அதன் எல்லையும்

போப் இறுதிவரை கிறித்தவக் குருவாகவே வாழ்ந்தார். 1907 மே மாதம் வரை பேலியல் கல்லூரியில் மறையுரை ஆற்றினார். இச்சமயப் பிடிப்பு அவரது ஆய்வில் இருவகையாகத் தொழிற்பட்டது.

முதலாவது, அது அவரது முடிவுகளைப் பிழைபடுத்தியது. வள்ளுவரைப் பிற்காலத்தவராகக் கொண்டு, மயிலாப்பூரில் கிறித்தவப் போதகரோடு பழகி மலைப்பொழிவின் கருத்துகளை அவர் உள்வாங்கியிருக்கக்கூடும் எனப் போப் கருதினார். இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. காலக்கணிப்பும் பின்வந்த ஆய்வுகளால் கைவிடப்பட்டது. உயர்ந்த அறம் எங்குக் காணப்படினும் அதன் ஊற்று கிறித்தவமாகவே இருத்தல் வேண்டும் என்னும் முற்கோள் இங்கு ஆய்வு முடிவாக உருமாறியது.

இரண்டாவது, அதே பிடிப்பே அவருக்குத் திருவாசகத்தின் வாயிலைத் திறந்தது. பாவ உணர்வு, தகுதியின்மை, அருளுக்கான ஏக்கம், ஆட்கொள்ளப்படுதல் ஆகியவை கிறித்தவ வழிபாட்டில் தோய்ந்த ஒருவருக்கு அயலானவை அல்ல. பக்தி உணர்வைப் புறத்தே நின்று வகைப்படுத்தும் அறிஞரால் நெருங்க இயலாத இடத்தை, வழிபாடு செய்து பழகிய குருவால் நெருங்க இயன்றது. இந்தியச் சமய நெறிகளுள் உள்ளார்ந்த மதிப்பில் சைவ சித்தாந்தமே தலையாயது என்றும், தென்னாட்டுக்கும் தமிழுக்கும் சிறப்பாக உரியது என்றும் அவர் மதிப்பிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் குரு ஒருவர் இவ்வாறு எழுதியமை சைவ அறிஞருக்கு ஊக்கமளித்தது.

மொழிபெயர்ப்பின் நடையிலும் எல்லைகள் உண்டு. ஏழு சீரில் அடங்கும் குறளை எதுகை இயைபு கொண்ட ஆங்கில ஈரடியில் தர முற்பட்டபோது, மூலத்தில் இல்லாத சொற்கள் நிரப்பிகளாக நுழைந்தன. திருவாசகத்தில் விக்டோரியா காலத்து வேதாகம நடை மிகுந்து, நாட்டார் விளையாட்டுப் பாடல்களின் வடிவில் அமைந்த அம்மானை, ஊசல், சாழல் ஆகியவற்றின் எளிய ஓசை மங்கியது. சொல்லடைவும் குறிப்புகளும் இன்றும் பயன்படுவதுபோல் செய்யுளாக்கம் பயன்படவில்லை என்பதே நடுநிலையான மதிப்பீடு.

கல்லறை வாசகம்: தொன்மமும் சான்றும்

தம் கல்லறையில் ‘ஒரு தமிழ் மாணவன்’ எனப் பொறிக்க வேண்டும் எனப் போப் விரும்பினார் என்பதும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்பதும் தமிழகத்தில் பரவலாக வழங்கும் செய்தி. அவர் 1908 பிப்ரவரி 11 அன்று மறைந்து, ஆக்ஸ்போர்டு தூய செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள கல்லில் அத்தொடர் இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு ஆசிரியராகவும் பேலியல் கல்லூரியின் ஆலயக் குருவாகவும் இருந்தவர் என்றும் அது குறிக்கிறது. கீழை இலக்கியத்துக்கும் மெய்யியலுக்கும் வாழ்நாள் முழுதும் உழைத்ததைப் போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இக்கல்லை வைத்தனர் என்றும் தெரிவிக்கிறது.

தொன்மத்தைவிட இவ்வாசகம் வரலாற்று நோக்கில் செறிவுடையது. தொன்மத்தில் போப் தனியராகத் தமிழின்முன் பணிகிறார். கல்லில் அவருடைய இரு பதவிகளும் அருகருகே நிற்கின்றன. அவருக்குத் தமிழர் ‘நண்பர்’ ஆகின்றனர். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் மறைந்தவர், இவ்விரண்டு இடங்களாலும் சுட்டப்படாமல் தென்னிந்தியாவால் சுட்டப்படுகிறார். கற்பனையான ஒரு தொடரைப் பாடநூல்களில் நிலைபெறச் செய்வதைவிட, உண்மையில் கல்லில் உள்ளதைக் கற்பித்தல் போப்புக்கும் தமிழ் நண்பர்களுக்கும் ஒருங்கே செய்யும் மரியாதையாகும்.

செட்டிநாட்டுத் தமிழ் நிலம்

போப்பின் பணிக்களங்களுள் செட்டிநாடு இடம்பெறவில்லை. அவர் மொழிபெயர்த்த பனுவல்களிலோ இந்நிலமும் அதன் சுற்றுப்புறமும் ஆழமாகப் பதிந்துள்ளன. குருந்த மரத்தடியில் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்டதாகச் சைவ மரபு போற்றும் திருப்பெருந்துறை, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்; செட்டிநாட்டின் வடகிழக்கு எல்லையை அடுத்துள்ள ஊர். திருவாசகப் பகுதிகள் பலவற்றின் தலைப்புக் குறிப்பில் இவ்வூர்ப் பெயரே நிற்கிறது. போப் தம் இறுதிக்காலத்தில் ஆங்கிலப்படுத்திய புறநானூற்றுப் பாடல்களுள் கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாடலும் ஒன்று. பூங்குன்றம் என்பது சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்து மகிபாலன்பட்டி என அடையாளப்படுத்தப்படுகிறது.

அதே மகிபாலன்பட்டியில் 1881இல் பிறந்தவர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். போப்பின் திருவாசகம் வெளிவந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. போப் இந்தியா வந்த வயதும் அதுவே. பள்ளிக் கல்வி மிகக் குறைவாகவே வாய்த்த கதிரேசனார், தாமே முயன்றும் புலவரிடம் பாடங்கேட்டும் தமிழும் வடமொழியும் கற்றார். 1909இல், போப் மறைந்த மறு ஆண்டு, மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்ற முன்னின்றார். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, திருச்சதகம், நீத்தல் விண்ணப்பம், திருவெம்பாவை ஆகிய திருவாசகப் பகுதிகளுக்குக் ‘கதிர்மணி விளக்கம்’ என்னும் பேருரை கண்டார்.

இவ்விரு திருவாசகப் பணிகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். போப்பின் நூல் அயலாருக்கு எழுதப்பட்டது; ஆகவே வரலாறு, தத்துவம், அகராதி ஆகிய அனைத்தையும் உடன் சுமந்தது. கதிரேசனாரின் உரை, திருவாசகத்தை முற்றோதி வளர்ந்த சமூகத்துக்கு எழுதப்பட்டது. ஆகவே சொல்லின் நயத்திலும் மெய்ப்பொருளின் நுட்பத்திலும் நின்று ஆழ்ந்தது. முன்னது தமிழ்ப் பக்திப் பனுவலை உலக நூலகத்தில் வைத்தது. பின்னது அதை வாழும் வழிபாட்டினின்று பிரிக்காமல் ஆய்வுக்கு உட்படுத்தியது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்ப இயலாது.

நிறுவன நிலையிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. ஆக்ஸ்போர்டின் தமிழாசிரியப் பணி குடிமைப்பணிப் பயிற்சியைச் சார்ந்திருந்தது; பேரரசின் தேவையே அதன் அடித்தளம். அத்தகைய அடித்தளத்தின்மேல் தமிழாய்வு தானே நிலைபெறும் மரபாக வளர இயலாது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மாணிக்கவாசகர் தில்லையில் இறைவனோடு கலந்தார் என்பது மரபு. அத்தில்லையிலேயே செட்டிநாட்டுப் பொருளால் எழுந்த பல்கலைக்கழகத்தில் திருவாசகம் தமிழிலேயே ஆராயப்பெற்றது. காரைக்குடியில் 1947இல் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரியும் இத்தொடர்ச்சியில் வைத்து எண்ணத்தக்கது. கல்லூரி நிறுவும் வள்ளன்மையும் கோயில் திருப்பணி செய்யும் வள்ளன்மையும் நகரத்தார் மரபில் ஒரே ஊற்றிலிருந்து பெருகின.

முடிவுரை

போப்பின் பணிவாழ்வு தொடர்ச்சியான ஒரே தமிழ்த்தொண்டாக அமையவில்லை. சாயர்புரத்திலும் தஞ்சையிலும் அவர் சபையின் பணியாளர். தமிழ் அங்குக் கருவி. உதகையிலும் பெங்களூரிலும் அவர் ஐரோப்பியப் பிள்ளைகளின் ஆசிரியர். ஆக்ஸ்போர்டில் பேரரசின் அலுவலருக்கு மொழி கற்பிப்பவர். இம்மூன்று பணிகளுள் ஒன்றும் திருவாசகத்தை மொழிபெயர்க்குமாறு அவரைக் கேட்கவில்லை. 66, 73, 80 என்னும் வயதுகளில் வெளிவந்த மூன்று நூல்களும், கேட்கப்படாத இடத்தில் அவர் தாமே மேற்கொண்ட உழைப்பின் பயன்.

அவரது சமயப் பிடிப்பு வள்ளுவர் ஆய்வில் தடையாகவும் திருவாசக ஆய்வில் திறவுகோலாகவும் அமைந்தது. ஆக்ஸ்போர்டு அவருக்கு அச்சகத்தையும் ஓய்வையும் அளித்தது. மூல நூல்களையும் விளக்கத்தையும் தமிழறிஞர் அளித்தனர். இவ்விரு கடன்களையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அவரது வரலாறு முழுமை பெறும்.

ஒரு பனுவலைப் பிறமொழியில் பெயர்த்தவரின் பெயர் கடற்கரையில் சிலையாக நிற்கும்போது, அதே பனுவலுக்குத் தமிழில் பேருரை கண்டவரின் நூல்கள் இன்றைய முதுகலைப் பாடத்திட்டங்களில் எந்த அளவுக்கு இடம்பெறுகின்றன என்பது தமிழ்த்துறைகள் எழுப்பிக்கொள்ள வேண்டிய வினா. போப்பின் சொல்லடைவையும் கதிர்மணி விளக்கத்தையும் அருகருகே வைத்துத் திருவாசகத்தின் ஒரு பகுதியையேனும் வகுப்பறையில் பயிற்றுவித்தால், மொழிபெயர்ப்பியல், உரையியல், சமய வரலாறு ஆகிய மூன்று துறைகளுக்கும் அது பயன்தரும். திருப்பெருந்துறைக்கும் பூங்குன்றத்துக்கும் அண்மையில் உள்ள செட்டிநாட்டுக் கல்வி நிறுவனங்கள் இப்பணிக்குப் பொருத்தமான களங்களாகும்.